இலத்திரனியல் திருத்த வேலை: மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள்

(மீள்குடியேறும் குடும்பங்களுக்காக வெள்ளவத்தையில் நடைபெற்ற தொழில் வழிகாட்டல் கூட்டத்தில், அங்கே திருத்தகம் நடத்தும் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்களில் பலர் இப்போது வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு லொட்ஜ் அறையில், அல்லது உறவினர் வீட்டில் தங்கியிருக்கிறீர்கள். பிறப்புச் சான்றிதழ், பிரஜாவுரிமை, அடையாள அட்டை என்று பகல் முழுவதும் கந்தோர் கந்தோராக ஏறி இறங்குகிறீர்கள். பின்னேரம் அறைக்குத் திரும்பியதும் மனதில் வந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான்: ஊருக்குப் போய் என்ன தொழில் செய்வது?

என்னிடம் வரும் பெற்றோர் அடிக்கடி சொல்வார்கள்: "தம்பி, என்ர மகன் முகாமில இருக்கேக்க போன் எல்லாம் திருத்துவான். ஒரு கடை போட்டுக் குடுத்தா பிழைச்சுக்கொள்ளுவானோ?" இதற்கு ஓம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். எந்த நேரத்தில் ஓம், எந்த நேரத்தில் இல்லை என்பதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நானும் இடம்பெயர்ந்து வந்தவன்தான். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு நடந்தவர்களில் நானும் ஒருவன். அடுத்த ஆண்டு கொழும்புக்கு வந்தபோது கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் தங்கினேன். அந்தத் தெருவிலேயே ஒரு றேடியோக் கடையில் கூட்டித் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்து, மேசைக்கு ஏறினேன். இப்போது வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு சிறிய திருத்தகம் வைத்திருக்கிறேன்.

எரிந்துபோன ஒரு றேடியோ

இந்தத் தொழிலின் முதற்பாடத்தை நான் கொழும்பில் படிக்கவில்லை. 1990ஆம் ஆண்டுக்குப் பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, ஒருவர் பெடலை மிதிக்க, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் றேடியோவைப் போடுவோம். உங்கள் தகப்பன்மாரைக் கேளுங்கள், அவர்களுக்கு நினைவிருக்கும்.

எனக்கு அப்போது பதின்மூன்று, பதினான்கு வயது. பக்கத்து வீட்டு மாமாவின் றேடியோவைத்தான் எங்கள் ஒழுங்கை முழுவதும் சேர்ந்து கேட்கும். எல்லாம் தெரிந்தவன் மாதிரி, டைனமோவின் இரண்டு கம்பிகளையும் நேரே கொண்டுபோய் றேடியோவில் கொழுவிவிட்டு, தம்பியை வேகமாக மிதிக்கச் சொன்னேன். ஒரு சின்னச் சத்தம், கொஞ்சம் புகை. அன்றிரவு எங்கள் ஒழுங்கைக்குச் செய்தி இல்லை. அதற்குப் பிறகு பல மாதங்களுக்கும் இல்லை.

நான் செய்த பிழை என்ன? சைக்கிள் டைனமோ தருவது ஆடலோட்டம், அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். றேடியோவுக்கு வேண்டியது ஒரே திசையில் ஓடும் நேரோட்டம். இடையில் நான்கு டையோட்டும் ஒரு கப்பாசிட்டரும் வைத்திருக்க வேண்டும். அதோடு, டைனமோவில் 6 வோல்ற் என்று எழுதியிருந்தாலும், வேகமாக மிதித்தால் அது அதற்கு மேலே போகும். ஒரு மீற்றரை வைத்து அளந்திருந்தால் இரண்டும் எனக்குத் தெரிந்திருக்கும். நான் அளக்கவில்லை. தெரியும் என்று நினைத்தேன்.

பிள்ளைகளே, இத்தனை வருடங்களில் என் மேசையில் பழுதான பொருட்களில் பெரும்பாலானவை இப்படித்தான் பழுதாகின. தெரியாததால் பழுதாக்கியதை விட, தெரியும் என்று நினைத்துப் பழுதாக்கியதே கூட.

முதலாவது திறன்: உயிரோடு வீடு திரும்புவது

இந்தியாவிலும் இங்கேயும் வீட்டு மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேட்ஸ்தான். ஆகவே அங்கிருந்து கொண்டுவரும் ரீவியோ மிக்ஸியோ இங்கே வேலை செய்யும். பிளக் மட்டும் வேறு. இங்கே இப்போது தேசிய தரநியமமாக இருப்பது சதுர ஊசிகள் மூன்று கொண்ட 13 அம்பியர் பிளக். உருண்டை ஊசிப் பிளக்கைச் செருகுவதற்காக, மேல் துளைக்குள் பேனையையோ நெருப்புக்குச்சியையோ விட்டு நெம்புகிற பழக்கம் லொட்ஜுகளில் நான் தினமும் காண்கிறேன். தயவுசெய்து அதை நிறுத்துங்கள். பிளக்கை மாற்றிவிடுங்கள். புதிய பிளக்கின் உள்ளே பியூஸ் இருக்கிறது. அது உங்களுக்கான காவல்.

இனி, திருத்த வேலைக்கு வருபவருக்கு. ரீவி, கணினி, போன் சார்ஜர் ஆகியவற்றின் மின் வழங்கிக்குள் 230 வோல்ற் ஆடலோட்டம் நேரோட்டமாக மாறும்போது அது ஏறத்தாழ 325 வோல்ற் ஆகிறது. அந்த அழுத்தம் ஒரு பெரிய கப்பாசிட்டரில் தேங்கி நிற்கும். பிளக்கைக் கழற்றிய பின்னும் நிற்கும். "பிளக் கழற்றியாச்சு" என்று கை வைப்பவனைத்தான் அது அடிக்கும். பழைய பெட்டி ரீவிகளின் படக்குழாயில் இன்னும் மோசம். வர்ண ரீவியில் அது 20,000 வோல்ற்றுக்கு மேல் இருக்கும். ஆகவே ஒழுங்கு இதுதான்: பிளக்கைக் கழற்றுங்கள்; மின் வழங்கியில் உள்ள கப்பாசிட்டரை ஒரு தடையி மூலம் வெறுமையாக்குங்கள்; பிறகு மீற்றரை வைத்து அளந்து, அழுத்தம் இல்லை என்று கண்ணால் கண்ட பிறகே தொடுங்கள். ஸ்குறூ டிறைவரால் சோட் பண்ணி வெடி வைக்கிற வேலை வேண்டாம். படக்குழாய் ரீவியை, அதில் பழகிய ஒருவர் பக்கத்தில் இல்லாமல் திறக்கவே வேண்டாம்.

வீட்டில் ரிப் சுவிச் இருக்கிறதா என்று பாருங்கள். 30 மில்லி அம்பியர் மின்சாரம் நிலத்துக்குக் கசிந்தாலே அது விழ வேண்டும். அதில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். ஆனால் அதை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள். ஒரு கை லைவ் கம்பியிலும் மறு கை நியூற்றல் கம்பியிலும் பட்டால், அது மனிதனா மின்குமிழா என்று ரிப் சுவிச்சுக்குத் தெரியாது.

வீங்கிய போன் பற்றறியைக் குத்தவோ, அழுத்தவோ, வெயிலில் வைக்கவோ கூடாது. பற்றாசு வேலை செய்யும்போது யன்னலைத் திறந்து வையுங்கள். முடிந்ததும் கையைக் கழுவிய பிறகே சாப்பிடுங்கள். பழைய பற்றாசில் ஈயம் இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் தவழ்கிற இடத்திலோ சமையலறையிலோ மேசையைப் போடாதீர்கள். ஒருவருக்கு மின் தாக்கினால் முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள், அதற்குப் பிறகே அவரைத் தொடுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

இரண்டாவது திறன்: பழுதைத் தேடும் ஒழுங்கு

கொட்டாஞ்சேனையில் எனக்குத் தொழில் பழக்கிய முதலாளி ஒரு பழக்கம் வைத்திருந்தார். ஒரு சாமான் மேசைக்கு வந்ததும் நான் ஸ்குறூ டிறைவரை எடுத்தால் கையில் தட்டுவார். "முதல்ல கேள், பிறகு பார், பிறகு அள. மாத்துறது கடைசி" என்பார்.

கேட்பது என்றால், "எப்போதிருந்து வேலை செய்யவில்லை? மழை பெய்ததா? இடி விழுந்ததா? பிள்ளை தண்ணீர் ஊற்றியதா? இதற்கு முன் யாராவது திறந்தார்களா?" என்று சொந்தக்காரரிடம் கேட்பது. பாதிப் பழுது அந்தப் பதிலிலேயே இருக்கும்.

பார்ப்பது என்றால் கண்ணும் மூக்கும். கருகிய வாசனை, மேற்பகுதி வீங்கிய கப்பாசிட்டர், பச்சை படிந்த செப்பு. எங்கள் வெள்ளவத்தையில் கடற்காற்று. கடற்கரைப் பக்கத்து மாடிவீடுகளிலிருந்து வரும் சாமான்களில் பாதிக்கு இந்தப் பச்சைதான் வருத்தம். நீங்கள் முல்லைத்தீவுக்கோ, மன்னாருக்கோ, பருத்தித்துறைக்கோ திரும்பினால் அங்கேயும் இதே உப்புக்காற்றுத்தான். ஒரு பழைய பல்துலக்கும் தூரிகையும் கொஞ்சம் ஐசோபுறோப்பைல் அற்ககோலும் வைத்துத் துடைத்தாலே உயிர்பெறும் சாமான்கள் பல.

அளப்பதற்கு மீற்றர் வேண்டும். மூன்று உதாரணம் சொல்கிறேன்.

ஒரு ரீவியில் பியூஸ் எரிந்திருக்கிறது. அறியாதவர் புதுப் பியூஸ் போடுவார். அதுவும் எரியும். அதைவிடத் தடித்த கம்பியைப் போடுவார். பலகையே எரியும். அறிந்தவர், பியூஸ் ஏன் எரிந்தது என்று கேட்பார். மின் வழங்கியில் டையோட்டோ திரான்சிஸ்ரரோ சோட் ஆகியிருக்கிறதா என்று அளப்பார். பிறகு, 100 வாற் பழைய குமிழ் ஒன்றைத் தொடராகக் கொழுவி ரீவியைப் போடுவார். இன்னும் சோட் இருந்தால் குமிழ் பிரகாசமாக எரியும், ரீவி தப்பும். இந்தத் தொடர்க்குமிழ் கொஞ்சக் காசில் செய்யக்கூடியது. எத்தனையோ சாமான்களை அது காப்பாற்றியிருக்கிறது.

இரண்டாவது, ரீவியில் சத்தம் வருகிறது, படம் இல்லை. "பனல் போயிற்று, புதிது வாங்குங்கள்" என்று சொல்லிவிடுவது சுலபம். அறை விளக்கை அணைத்து, ஒரு ரோச் லைற்றைத் திரையில் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் ஓடுவது தெரிந்தால் பனலுக்கு ஒன்றுமில்லை, பின்விளக்குத்தான் போயிருக்கிறது. அதை மாற்றலாம்.

மூன்றாவது, மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது. அதன் கப்பாசிட்டரில் 2.5 மைக்குரோபரட் என்று எழுதியிருக்கும். மீற்றரில் 1.2 காட்டும். அதை மாற்றினால் விசிறி பழையபடி சுற்றும். மோட்டரை அவிழ்க்கவே தேவையில்லை.

இதற்கு வேண்டிய படிப்பு மலைபோல் பெரியதல்ல. ஓமின் விதி, கூட்டல் கழித்தல் பெருக்கல் பிரித்தல், தடையியின் நிறக்குறி, ஒரு சுற்றை வரைந்து பார்க்கும் பழக்கம், இவ்வளவுதான். மண்ணிறம், கறுப்பு, சிவப்பு என்று வளையம் இருந்தால் ஒன்று, பூச்சியம், பிறகு இரண்டு பூச்சியம்: 1,000 ஓம். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒரு வாரத்தில் மனனம் செய்துவிடும். ஆங்கிலம் பேசத் தெரியாவிட்டாலும், பாகத்தின் மேல் எழுதியிருக்கும் இலக்கத்தை வாசித்து அதன் விபரத் தாளைத் தேடி எடுக்கப் பழக வேண்டும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பாகம் வாங்கத் தமிழ் போதும். ஆனால் கொழும்பில் கடை வைத்து வாடிக்கையாளரோடு பேசச் சிங்களமும் வேண்டும். படித்துக்கொள்ளுங்கள், அதுவும் ஒரு கருவிதான்.

மூன்றாவது திறன்: கை

பற்றாசு பிடிப்பது வாயால் சொல்லி வராது. ஈயம் கலந்த சாதாரண பற்றாசு 183 பாகை செல்சியஸ் அளவில் உருகத் தொடங்கும். ஈயம் இல்லாதது 217 பாகைக்கு மேல்தான் உருகும். புதிய சாமான்களில் பெரும்பாலும் இரண்டாவது வகை. இது தெரியாதவர் உருகவில்லையே என்று கோலை அழுத்திக்கொண்டே நிற்பார், பலகையின் செப்புப் பாதை உரிந்து வந்துவிடும்.

பழகுவதற்கு வழி: கழித்துவிட்ட ஒரு பழைய பலகையை எடுங்கள். அதிலிருந்து நூறு பாகங்களைக் கழற்றி, நூறையும் திரும்பப் பிடியுங்கள். நல்ல இணைப்பு சின்னக் கோபுரம் மாதிரிச் சரிந்து இறங்கும். பந்து மாதிரி உருண்டு நின்றால் அது பிடிக்கவில்லை. நூறும் ஒரே மாதிரி வரும் வரை வாடிக்கையாளரின் சாமானைத் தொட வேண்டாம்.

இது ஆண்பிள்ளைகளின் தொழில் என்று நினைக்காதீர்கள். என் திருத்தகத்தில் போன் பலகை வேலையில் கைதேர்ந்தவர் கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் ஒரு பெண். குடும்பத்தைத் தனியாகத் தாங்குகிற தாய்மாருக்கும், வீட்டிலிருந்தபடியே செய்யக்கூடிய தொழில் இது.

நான்காவது திறன்: மற்றவரின் பொருளை மதிப்பது

இதைச் சொல்வது எனக்குக் கஷ்டம். ஆனாலும் சொல்ல வேண்டும்.

யுத்தம் முடிந்த அடுத்த வருடம். வவுனியாவிலிருந்து வந்து லொட்ஜில் தங்கியிருந்த ஓர் அம்மா ஒரு பழைய போனைக் கொண்டுவந்தார். போட்டால் பெயர் மட்டும் வரும், பிறகு அணைந்துவிடும். மென்பொருள் கோளாறு என்று உடனே கண்டுபிடித்துவிட்டேன். மென்பொருளைப் புதிதாக ஏற்றினேன். இருபது நிமிட வேலை. போன் உயிர்பெற்றது. சந்தோசமாக அவர் கையில் கொடுத்தேன். அவர் எதையோ தேடினார். திரும்பத் திரும்பத் தேடினார். பிறகு, "தம்பி, படங்கள் எங்கை?" என்று கேட்டார்.

அது அவருடைய மகன் பாவித்த போன். மகன் இப்போது இல்லை. மெமரி காட்டும் போடவில்லை. படங்கள் எல்லாம் போனின் உள்ளேயே இருந்தன. நான் புதிதாக ஏற்றியபோது அவ்வளவும் அழிந்துவிட்டன. அவர் என்னை ஏசவில்லை. காசைத் தர வந்தார். நான் வாங்கவில்லை. அவர் படியிறங்கிப் போனதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

அவர் கொண்டுவந்தது போனை அல்ல, படங்களை. நான் பார்த்தது போனை மட்டும். "இதுக்குள்ள இருக்கிறது உங்களுக்கு வேணுமா அம்மா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால், முதலில் படங்களை எடுக்க ஒரு வழி தேடியிருப்பேன். எடுக்க முடியாவிட்டால், முடியாது என்று சொல்லி அப்படியே திருப்பிக் கொடுத்திருப்பேன். இன்னொருவர் எடுத்திருக்கவும் கூடும்.

அன்றிலிருந்து என் பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் முதல் வரி "உள்ளே இருப்பவை வேண்டுமா?" என்பது. அதற்குப் பதில் எழுதாமல் எந்தப் போனையும், எந்தக் கணினியையும் என் திருத்தகத்தில் யாரும் திறப்பதில்லை.

இந்தத் திறனில் இன்னும் சில உண்டு. சாமானை வாங்கும்போது பழுதையும், சாமானின் நிலையையும், செலவு எவ்வளவு வரும் என்பதையும் எழுதிக் கொடுங்கள். செலவு கூடினால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கொடுங்கள். மற்றவரின் போனில் உள்ள படங்களையும் செய்திகளையும் பார்க்கக் கூடாது. ஒரு பெண்பிள்ளை தன் போனைப் பயமில்லாமல் உங்களிடம் விட்டுப் போகலாம் என்ற பெயர், எந்த விளம்பரப் பலகையையும் விடப் பெறுமதியானது. பெட்டியோ சிட்டையோ இல்லாமல், மலிவு விலைக்கு யாராவது போன் விற்க வந்தால் வாங்காதீர்கள். களவுப் போனாக இருந்தால் பொலிஸ் உங்கள் வாசலுக்கு வரும். புதிதாகக் குடியேறிய குடும்பத்துக்கு அந்தத் தொல்லை வேண்டாம்.

திறனைத் தாளில் பதிவது

இலங்கையில் தேசிய தொழில் தகைமை என்று ஓர் ஒழுங்கு இருக்கிறது. என்.வி.கியூ. என்று சொல்வார்கள். அதில் ஏழு மட்டங்கள். 1 முதல் 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். தனியாக நின்று முழு வேலையையும் செய்யக்கூடிய தொழிலாளிக்கு 4ஆம் மட்டம். இதை மேற்பார்வை செய்வது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. அதன் அலுவலகம் கொழும்பு 5, எல்விற்றிகல மாவத்தையில் "நிபுணதா பியச" என்ற கட்டடத்தில் இருக்கிறது.

உங்களுக்கு முக்கியமான விடயம்: பயிற்சி நிலையத்தில் படிக்காமல், வேலை செய்தே பழகியவருக்கும் இந்தச் சான்றிதழ் கிடைக்கும். அதற்கு முன்கற்றல் அங்கீகாரம் என்று பெயர். நீங்கள் செய்த வேலைக்கான ஆதாரங்களை ஒரு கோவையாகச் சேர்த்து விண்ணப்பிக்க வேண்டும். மதிப்பீட்டாளர் ஒருவர் கேள்வி கேட்டு, வேலை செய்ய வைத்துப் பார்ப்பார். தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை, தொழிற்பயிற்சி அதிகாரசபை ஆகியவற்றின் மாவட்ட அலுவலகங்களில் விபரம் கேட்கலாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1919 என்ற அரசாங்கத் தகவல் நிலையத்துக்குத் தமிழிலேயே அழைத்துக் கேளுங்கள்.

ஆகவே தமிழ்நாட்டிலிருந்து வரும்போது ஒரு தாளையும் எறிந்துவிட வேண்டாம். ஐ.டி.ஐ. சான்றிதழ், முகாமில் நடந்த குறுகிய பயிற்சியின் சான்றிதழ், வேலை செய்த கடை முதலாளியின் கடிதம், நீங்கள் திருத்திய சாமான்களின் படங்கள், எல்லாம் அந்தக் கோவைக்கு உதவும். ஒன்றும் இல்லாவிட்டால் இன்றைக்கே ஒரு கொப்பியைத் தொடங்குங்கள். திகதி, சாமான், பழுது, என்ன அளந்தேன், என்ன செய்தேன் என்று ஒவ்வொரு வேலைக்கும் ஐந்து விடயம் எழுதுங்கள்.

இன்னொரு சங்கதி. கும்மிடிப்பூண்டி முகாமில் வளர்ந்த ஒரு பொடியன் நேர்முகத்துக்குப் போனான். வேலையில் கெட்டிக்காரன். "கொள்ளளவி என்றால் என்ன?" என்று கேட்டதற்கு முழித்துக்கொண்டு நின்றிருக்கிறான். அவன் அங்கே படித்தது மின்தேக்கி, கடையில் சொன்னது கப்பாசிட்டர். மூன்றும் ஒன்றுதான். அங்கே மின்னணுவியல் என்பதை இங்கே இலத்திரனியல் என்கிறோம். டையோட்டுக்கு இங்கத்தைய பாடநூலில் இருவாயி, மல்ரிமீற்றருக்குப் பல்மானி, சோல்டருக்குப் பற்றாசு. லைவ், நியூற்றல், ஏர்த் ஆகிய மூன்றும் உயிர்க்கம்பி, நொதுமற்கம்பி, புவிக்கம்பி. இந்தச் சொற்களை ஒரு தாளில் எழுதி அறைச் சுவரில் ஒட்டுங்கள். சொல் தெரியாத காரணத்தால் தொழில் தெரியாதவன் என்று பெயர் எடுக்க வேண்டாம். கேள்வி விளங்காவிட்டால் "வேறு சொல்லில் கேளுங்கள் ஐயா" என்று கேட்கவும் வெட்கப்பட வேண்டாம்.

புதிதாகப் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு: கொழும்பில் மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரி 1893ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. வடக்குக்குத் திரும்புவோருக்குக் கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் 2016இல் திறக்கப்பட்டது. எங்கே சேர்வதானாலும் மூன்று கேள்வி கேளுங்கள். பாடநெறி தமிழ்மொழி மூலம் நடக்கிறதா? நிலையம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டதா? முடிவில் கிடைப்பது என்.வி.கியூ. சான்றிதழா? இந்த மூன்றுக்கும் பதில் வராமல் தனியார் நிலையத்துக்குக் காசு கட்டாதீர்கள். சான்றிதழ் எடுத்துத் தருகிறேன் என்று லொட்ஜுக்கு வரும் தரகரிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். தரகர் கொடுக்கிற தாளால் ஒரு பியூஸையும் மாற்ற முடியாது.

கையில் உள்ள காசு

வாழ்வாதார உதவியாகக் கிடைக்கும் காசு ஒருமுறைதான் கிடைக்கும். அதைக் கொண்டுபோய் வெள்ளவத்தையில் கடை முற்பணமாகக் கட்டிவிட்டு, மூன்றாம் மாதம் வாடகைக்குக் கடன்பட்டவர்களை எனக்குத் தெரியும். முதல் நாளிலேயே சூடான காற்று இயந்திரமும் நுண்நோக்கியும் வாங்கி, அவை உறையோடு கிடப்பதையும் கண்டிருக்கிறேன்.

முதலில் வேண்டியவை இவ்வளவுதான்: நல்ல மீற்றர் ஒன்று, வெப்பத்தை மாற்றக்கூடிய பற்றாசுக் கோல் ஒன்று, ஸ்குறூ டிறைவர் தொகுதி, சாவணம், தூரிகை, ரோச் லைற், தொடர்க்குமிழ், ஒரு கொப்பி, ஒரு பற்றுச்சீட்டுப் புத்தகம். இவற்றில் மீற்றரில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள். மிச்சக் காசைப் பாகங்களுக்கு வையுங்கள். உழைப்பு வரவர மற்றவற்றை வாங்கலாம்.

முடியுமானால் முதல் ஆறு மாதமாவது ஒரு திருத்தகத்தில் வேலை பழகிய பிறகு சொந்தமாகத் தொடங்குங்கள். ஊரில் போன் மட்டும் பார்த்தால் போதாது. தண்ணீர் மோட்டர், மின்விசிறி, சோற்றுக் குக்கர், சூரிய விளக்கு, எல்.ஈ.டி. குமிழ் எல்லாம் வரும். சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் இடி மின்னல் காலம். மழை இருட்டியதும் பிளக்கையும் அன்ரனாக் கம்பியையும் கழற்றச் சொல்லி அயலவர்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். அதனால் உங்களுக்கு வேலை குறையாது. உங்கள் சொல்லில் சனத்துக்கு நம்பிக்கை கூடும்.

கடைசியாக

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். "கடை போட்டுக் கொடுத்தால் பிழைத்துக்கொள்வானா?" தாய் தகப்பன்மாரே, உங்கள் பிள்ளையிடம் பழுதான ஒரு சாமானைக் கொடுத்துப் பாருங்கள். எடுத்த எடுப்பில் திறந்தால் இன்னும் கொஞ்ச நாள் பழகட்டும். "இது எப்ப பழுதானது? இதுக்குள்ள ஏதும் வேணுமா?" என்று கேட்டு, பிளக்கைக் கழற்றி, மீற்றரைக் கையில் எடுத்தால், தயங்காமல் கடை போட்டுக் கொடுங்கள்.

நான் எரித்த அந்த றேடியோவின் சொந்தக்காரர், பக்கத்து வீட்டு மாமா, அடுத்த நாள் வந்து எனக்கு அடிக்கவில்லை. எரிந்த றேடியோவை என் கையில் தந்து, "இதை வைச்சுப் பழகு. எப்ப பாடுதோ அப்ப கொண்டுவா" என்றார். ஏழு மாதம் எடுத்தது. பழைய றேடியோக்களில் கழற்றிய டையோட்டுகளை வைத்து, அயலில் ஒருவரிடம் மீற்றர் இரவல் வாங்கி அளந்து அளந்து, ஒரு மாலையில் அது பாடியது. அன்றைக்குச் சைக்கிள் மிதித்தது நான். மாமா கேட்டுக்கொண்டிருந்தார்.

நீங்களும் நிறையப் பொருட்களை இழந்து வந்திருக்கிறீர்கள். கையில் உள்ள தொழிலை மட்டும் இழக்காமல் கொண்டுவந்திருக்கிறீர்கள். அதைச் சரியாக அளந்து, தாளில் பதிந்து, ஊருக்குக் கொண்டுபோங்கள். கேள்வி இருப்பவர்கள் இருங்கள். நான் பின்னேரம் வரை இங்கேதான் இருப்பேன். பழுதான சாமான் கொண்டுவந்திருந்தால் அதையும் எடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.